ரேஷன் கடை தராததை வீடு விளைவிக்கட்டும்

2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து கொரோனா மாவட்டம் மாவட்டமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம். அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை. சில நாட்களில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கியது. காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பியபோது செப்டம்பர் 28 ஆகிவிட்டது. சென்னைக்காரர்களுக்குக் காய் கிடைக்காமல் போனதில் வியப்பில்லை. பெருநகரம் என்றாலே அப்படித்தான். ஆனால், ஜிஎஸ்டி சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊர்களும் அதே சந்தையின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. ஏரிகளின் மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டுச் சீமை இது. செங்கல்பட்டு சிறுமணி என்று தன் பெயரிலேயே ஒரு நெல் ரகத்தை வைத்திருந்த மண். அங்குள்ள ஒரு வீடு வெண்டைக்காய்க்கும் கீரைக்கும் தொலைவில் இருக்கும் மொத்தச் சந்தையை முழுதாக நம்பி வாழும் நிலை கடந்த முப்பது ஆண்டுகளில் உருவானது.

அந்த முப்பது ஆண்டுகளில் இந்தப் பகுதி அடைந்த வளர்ச்சியை யாரும் குறைத்துப் பேச முடியாது. சிங்கப்பெருமாள் கோவிலில் பிரிந்து ஆப்பூர், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் மாநில நெடுஞ்சாலை 57-இன் இருபுறமும் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் உற்பத்தியாகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால், மறைமலைநகர், மகிந்திரா சிட்டி என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு இவை சம்பளம் கொடுத்தன. கூடவே, புன்செய் நிலம் வீட்டுமனையானது. வீட்டின் பின்கட்டு வாடகைக்கு விடும் அறைகளானது. கொல்லைப்புறம் என்ற ஒன்று வீட்டின் வரைபடத்திலிருந்தே மறைந்தது. நிலத்தோடு சேர்த்து இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. எந்த மாதத்தில் எதை விதைப்பது, மிஞ்சியதை எப்படிக் காயவைப்பது என்ற அறிவு அது. நிலத்துக்கு இழப்பீடு உண்டு. இதற்குக் கிடையாது, போவது யார் கண்ணிலும் படுவதுமில்லை.

வீட்டுக்கு வேண்டிய உணவை வீடே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று பேசுபவர்களில் பலர் கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். அதனால்தான் அந்தப் பேச்சு கனவுபோல் ஒலித்து, காற்றில் போய்விடுகிறது. அரிசியை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம் போதும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 365 கிலோ அரிசி. நெல்லாகச் சொன்னால் ஏறக்குறைய 560 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல் விளைகிறது என்று வைத்தால் கால் ஏக்கர், அதாவது 25 சென்ட் நன்செய் வேண்டும். இந்தப் பகுதியில் ஒரு குடும்பம் கடன்பட்டு வாங்கும் மனை 600 சதுர அடி, 800 சதுர அடி, வசதியிருந்தால் 1,200 சதுர அடி. 1,200 சதுர அடி என்பது மூன்று சென்ட்கூட இல்லை. அதிலும் பெரும்பகுதியில் வீடு நிற்கிறது. பருப்பும் எண்ணெயும் இதைவிட அதிக நிலம் கேட்கும். ஆகவே, முழுத் தன்னிறைவு என்ற பேச்சை இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் வாழும் குடும்பத்திடம் வைப்பது நியாயமில்லை. அது அவர்களைக் குற்ற உணர்வுக்கு உள்ளாக்குமே தவிர, ஒரு கைப்பிடி கீரையைக்கூட வளர்த்துத் தராது.

முழுதும் முடியாதென்றால் எந்தப் பகுதி முடியும்? இதற்கான பதிலை ரேஷன் கடையிலிருந்து தொடங்குவது தமிழ்நாட்டில் சாத்தியம். 2011 ஜூன் முதல் இங்கே அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் வருகின்றன. 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநிலத்தவரும் தங்கள் அட்டையைக் காட்டி இங்கேயே தானியம் வாங்க வழியிருக்கிறது. வயிறு நிறைவதற்கான பொறுப்பை அரசு பெருமளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் செய்யாத காரியம் இது. ஆனால், ரேஷன் கடையால் தர முடியாத ஒன்று உண்டு: பறித்த மறுநாளே வாடிவிடும் பசுமை. கிடங்கில் அடுக்கவும் முடியாது, லாரியில் மூட்டை கட்டவும் முடியாது. அதே வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும் சொல்கிறது. நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ. தொழிலாளர் குடும்பங்களின் பையில் மாதம் 48 கிலோ காய்கறி வருகிறதா என்பதை எந்தக் காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. வயிற்றுப் பசியைப் பெரிதும் வென்ற மாநிலத்தில் இந்த எண் குறைய மறுக்கிறது. இதற்குக் காரணங்கள் பல என்றாலும், தட்டில் சோறு நிறைந்து பச்சை குறைந்திருப்பது அவற்றில் முக்கியமான ஒன்று. வீட்டுத் தன்னிறைவு என்ற முயற்சி இறங்க வேண்டிய இடம் இதுதான். அரிசியை அரசு பார்த்துக்கொள்ளட்டும். கீரையையும் கறிவேப்பிலையையும் பச்சை மிளகாயையும் வீடு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அளவுக்கு நிலம் போதுமா என்றால், போதும். முளைக்கீரை வகைகள் விதைத்து 25 நாளில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 10 டன் தருகின்றன. நூறு சதுர அடிக்கு அது ஒன்பது கிலோ. அனுபவமில்லாத கைகளுக்கு அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்தாலும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கீரை சமைக்க அது தாராளம். பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் ஒருமுறை வைத்தால் பல மாதம் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். புடலை, பீர்க்கு, பாகல், அவரை இவற்றுக்குத் தரையில் ஒரு அடி இடம் போதும். மிச்சத்தைக் கயிறும் கம்பும் பார்த்துக்கொள்ளும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கழிவுநீர் விழும் இடத்தில் ஒரு வாழை, ஒரு பப்பாளி. கறிவேப்பிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்களில் பூச்சிமருந்து எச்சத்தைத் தொடர்ந்து சோதித்து வந்தபோது, திரும்பத் திரும்ப மாட்டியவற்றில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் உண்டு. அந்த அச்சம்தான் கேரளத்தில் ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி என்று வீட்டுத் தோட்டத்தை மாநிலம் தழுவிய இயக்கமாக்கியது. அவர்கள் அஞ்சிய காய்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போனவை. அதே காய்களை அன்றாடம் சாப்பிடும் நமக்கு அந்த அளவு கவலை வராதது வருத்தத்துக்குரியது.

தண்ணீர் இல்லாத ஊரில் தோட்டமா என்ற கேள்வி நியாயமானது. செங்கல்பட்டுப் பகுதியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 600 சதுர அடிக் கூரைமேல் அந்த மழை விழுந்தால் அறுபதாயிரம் லிட்டருக்கு மேல். நூறு சதுர அடிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் லிட்டர்தான். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீருமே இதில் ஒரு பங்கைத் தந்துவிடும். ஆடியில் விதைத்து, ஐப்பசி அடைமழையில் செடியைக் காப்பாற்றி, தை, மாசியில் நிறையப் பறித்து, கத்திரி வெயிலில் பாத்தியை மூடாக்குப் போட்டு ஓய்வுவிடும் பழைய ஒழுங்கு, தண்ணீர்க் கணக்கிலிருந்து பிறந்ததுதான். பன்னிரண்டு மாதமும் எல்லாக் காயும் வேண்டும் என்று அடம்பிடிக்கும்போதுதான் தண்ணீர் போதாமல் போகிறது.

இதனால் எவ்வளவு பணம் மிஞ்சும்? உண்மையைச் சொல்வதென்றால், பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பை, தென்னை நார்க்கழிவு, விதை, வேப்பம் பிண்ணாக்கு என்று முதல் ஆண்டில் செலவழிப்பதைப் பார்த்தால் கடைக் காய் மலிவாகத் தெரியும். மத்திய அரசின் 2022–23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. கிராமப்புற இந்தியாவில் ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் தானியத்துக்குப் போவது 4.91 சதவீதம், காய்கறிக்கு 5.38 சதவீதம், பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுகளுக்கும் போவதோ 9.62 சதவீதம். நகர்ப்புறத்தில் இந்த இடைவெளி இன்னும் அதிகம்: காய்கறிக்கு 3.80, பதப்படுத்தியவற்றுக்கு 10.64. குடும்பத்தின் பணம் காய்கறிக் கடையைவிடப் பாக்கெட் கடையிலும் ஓட்டலிலும்தான் கரைகிறது. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவருக்குச் சமைத்த குழம்பு இல்லையென்றால் கொத்துப் பரோட்டா. மாலையில் பசிக்கும் பிள்ளைக்குப் பத்து ரூபாய் சிப்ஸ். பணம் மிச்சமாக வேண்டுமென்றால் விளைவிப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் பக்குவப்படுத்தி வைப்பது. வீட்டுத் தோட்டத்தைப் பற்றி இத்தனை பேர் பேசும்போது, வற்றலைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது விளங்கவில்லை. தோட்டத்துக்கு மண் வேண்டும். வற்றலுக்கு வெயில் போதும். செங்கல்பட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

நம் அடுக்களைகள் ஒரு காலத்தில் ஆண்டுக் கணக்கில் யோசித்தன. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்தால் அடுத்த புளி வரும்வரை தாங்கும். அதே நாட்களில் மாவடு. சித்திரையில் முற்றிய மாங்காய், ஊறுகாய்க்கும் வற்றலுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் கூழ் வடகமும் வெங்காய வடகமும். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மோரில் ஊறிக் காயும். கொத்தவரை உப்பு நீரில் ஒரு கொதி கண்டு காயும். பச்சை மிளகாய் மோர்மிளகாயாகும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்றைய உணவு அறிவியல் அப்படியே ஒப்புக்கொள்ளும் காரணம் இருக்கிறது. உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. ஒரு கொதி விடுவது காயின் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. வெயில் மீதி நீரைக் குடித்துவிடுகிறது. நீர் போதாத இடத்தில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் வளராது. மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். வாடகை அறையில் இருப்பவர்கூட ஒரு சாக்கும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் செய்யலாம். காய்ந்த காயில் வைட்டமின் சி குறைந்துபோகும் என்பது உண்மை. நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் நிற்கும். கையில் காய் இல்லாத நாளில் குழம்பில் விழும் ஒரு கைப்பிடி வற்றல், ஒன்றுமில்லாத குழம்பைவிட எவ்வளவோ மேல்.

தக்காளியைப் பாருங்கள். 2021 நவம்பர் மழையிலும் 2023 ஜூலையிலும் அதன் விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023-இல் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டி வந்தது. அதே தக்காளியைப் பறிப்புக்கூலிகூடக் கட்டாமல் கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகள் சாலையோரம் கொட்டும் செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. ஒரே காய், ஒரே மாநிலம், சில மாத இடைவெளி. விலை தரைதட்டும் வாரத்தில் ஒரு குடும்பம் பத்துக் கிலோ வாங்கித் தொக்காகவோ வற்றலாகவோ வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? பத்துக் கிலோ காய்ந்தால் முக்கால் கிலோகூடத் தேறாது. ஒரு டப்பாவில் அடங்கிவிடும். விலை ஏறும் மாதத்தில் அந்தக் குடும்பம் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கொட்டப்பட இருந்த காய்க்கும் ஓர் ஆள் வாங்கக் கிடைக்கிறார். எல்லாரும் வீட்டிலேயே விளைவித்தால் விவசாயி என்ன ஆவார் என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. இன்று பரிந்துரைக்கப்பட்ட அளவில் காய்கறி உண்ணாத குடும்பம், நூறு சதுர அடிக் கீரையைக் கூடுதலாக உண்ணுமே தவிர, சந்தையில் வாங்குவதை விட்டுவிடாது. பக்குவப்படுத்தத் தெரிந்த குடும்பமோ, விவசாயிக்கு ஆள் தேவைப்படும் வாரத்தில் அதிகம் வாங்கும் குடும்பம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டி காலத்து முறை என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு என்றாகிவிடாது. காணொளிகளைப் பார்த்துப் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து மாதக்கணக்கில் வெளியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். புளிப்பு இல்லாத பொருளைக் காற்றுப் புகாமல் அடைப்பது ஆபத்து. உயிரைப் பறிக்கும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா அங்கேதான் வளரும். மாங்காயும் எலுமிச்சையும் புளியும் அந்த வகையில் பாதுகாப்பானவை. அவற்றின் அமிலமே காவல். நிலக்கடலையும் மிளகாயும் அரைகுறையாகக் காய்ந்து பூஞ்சணம் பிடித்தால் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும். உப்பையும் மறக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பைச் சொல்கிறது. ஊறுகாயை மட்டுமே தொட்டுக்கொண்டு சோறு உண்ணும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை. ஆகவே வற்றல், உலர்கீரைப் பொடி, புளி, மஞ்சள், மிளகாய்த் தூள் ஆகியவற்றுக்கே முதலிடம். ஊறுகாய் கடைசியில் வரட்டும்.

எல்லா எதிர்வாதங்களிலும் வலுவானது நேரத்தைப் பற்றியது. 2019-இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் சம்பளமில்லாத வீட்டு வேலையில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அப்படி வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் சராசரி மட்டுமே. இந்த நிலையில் வடகம் போடு, கீரை விதை என்று குடும்பத்துக்கு அறிவுரை சொல்வது, ஐந்து மணி நேரம் உழைக்கும் பெண்ணை ஆறு மணி நேரம் உழைக்கச் சொல்வதாக முடிந்துவிடும். வற்றல் வடகம் அடுக்களையைவிட்டுப் போனதற்குச் சோம்பல் காரணமில்லை. பெண்கள் வேலைக்குப் போனார்கள், படித்தார்கள், ஷிஃப்ட் பஸ் ஏறினார்கள். அவர்கள் விட்ட வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நூறு சதுர அடிக்குத் தேவைப்படும் தினசரி அரைமணி நேரத்தை யார் தருவது என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் உள்ள ஆண் தர வேண்டும். இந்தப் பகுதியில் ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் ஆண்களில் பெரும்பாலோருக்கு, வாரம் மாறி வாரம், வெளிச்சம் இருக்கும் நேரத்தில் சில மணி நேரம் வீட்டில் கிடைக்கிறது. இயந்திரத்தின் அளவை மில்லிமீட்டர் பிசகாமல் பார்க்கத் தெரிந்த கைக்கு, செடிக்குக் களை எடுப்பதும் மாங்காயை ஒரே கனத்தில் நறுக்கி வெயிலில் பரப்புவதும் கடினமாகாது. இந்தப் பங்கீடு நடக்காத வீட்டில் தோட்டம் வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது இடம். சொந்த வீட்டுக்காரருக்கு மாடியாவது இருக்கிறது. அதிலும் கவனம் வேண்டும்: ஈர மண் ஓர் அடி உயரத்துக்குக் கொட்டினால் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ வரை பாரம் ஏறும், நம் வீட்டு மொட்டை மாடிகள் அதில் மூன்றில் ஒரு பங்கு பாரத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. நார்க்கழிவு கலந்த இலேசான கலவையைப் பைகளில் நிரப்பி, உத்தரமும் சுவரும் இருக்கும் ஓரங்களில் வைப்பதுதான் முறை. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகள் கீரையைத் தவிர்த்துக் காய் வகைகளை வளர்ப்பது நல்லது; புழுதியில் வரும் உலோகங்கள் காயைவிட இலையில்தான் அதிகம் சேரும். இவையெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்கு. இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் பாதுகாப்பற்ற உணவை அதிகம் உண்பவர்களோ வாடகைக்கு இருப்பவர்களும் விடுதியில் தங்குபவர்களும். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் அருகே கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 250-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் அமர்ந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. தான் உண்பதன்மேல் எந்தப் பிடியும் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர்களிடம் மாடித் தோட்டம் போடச் சொல்வது கொடுமை.

அவர்களுக்கான இடம் பொது இடத்தில்தான் கிடைக்கும். அந்த இடம் சட்டப்படி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றி இத்தனை மனைப்பிரிவுகள் வந்தபின் அப்படி ஒதுக்கப்பட்ட துண்டு நிலங்களுக்குக் குறைவிருக்காது. பலவற்றில் சீமைக் கருவேலமும் கட்டடக் கழிவும்தான் இருக்கின்றன. பூங்காவாக வேண்டிய அந்த நிலத்தின் ஒரு மூலையில் பாத்தி கட்டி, அருகில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆண்டுக் குத்தகைக்குத் தரலாம். புதிய யோசனை இல்லை இது. பிரிட்டனில் 1908-இல் வந்த சட்டம், கேட்பவர்களுக்குக் காய்கறி பயிரிடத் துண்டு நிலம் ஒதுக்கும் பொறுப்பை உள்ளாட்சிகள்மேல் வைத்தது. நிலத்துக்கு நம்மைவிடப் பலமடங்கு நெருக்கடியுள்ள சிங்கப்பூரில், தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களுக்குள் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பாத்திகளைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அடுக்குமாடியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அங்கே முருங்கையும் கறிவேப்பிலையும் தேடி வளர்ப்பவர்கள்தான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை சிப்காட் கட்டித் திறந்தது. அத்தனை பேரின் சமையல் கழிவு ஒரே இடத்தில் சேரும் வளாகம் அது. அதை எருவாக்கிக் கீரைப் பாத்தியாக மாற்ற அங்கே நிலமும் நீரும் உண்டு; விடுதிப் பெண்களின் தட்டுக்கே அந்தக் கீரை போகட்டும்.

வீட்டுத் தோட்டத்தால் நாட்டின் உணவுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2021-இல் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் பின்வாங்கியும் அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் சரிந்தது. 2022 ஜூனில், வீட்டில் பயிரிடுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கொடுத்தார்கள். பசித்த பிறகு விதைக்கச் சொல்வது யாருக்கும் உதவாது. அதே தீவின் வடக்கில் வேறொரு அனுபவமும் உண்டு. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்த யாழ்ப்பாண மக்களை வளவுக்குள் இருந்த முருங்கையும் வாழையும் பனையும் தாங்கின. பனை தரும் ஒடியலும் பனாட்டும் நெருக்கடியில் கண்டுபிடிக்கப்பட்டவை இல்லை. தலைமுறைகளாகச் செய்து பழகிய கைகள் இருந்ததால்தான் தடை வந்தபோது அவை உதவின. வீட்டு வளவு அரிசிக்கு மாற்றாக இருந்ததில்லை; அரிசி குறைந்த நாட்களில் மனிதர்களை நோயில் விழாமல் காத்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் இன்று நெருக்கடி எதுவும் இல்லை. பழகிக்கொள்வதற்கு ஏற்ற காலம் அதுதான்.

தமிழக அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தோட்டக்கலைத் துறை 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. 2021-க்குப் பின் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டமாக அது விரிந்தது. கிராமங்களுக்கு விதைத் தொகுப்பு, நகரங்களுக்குப் பையும் நார்க்கழிவும். குறை என்னவென்றால், தொகுப்பு கைக்கு வந்ததோடு திட்டம் முடிந்துவிடுகிறது. முதல் தடவை வெண்டையில் மாவுப்பூச்சி ஏறும்போது கேட்க ஆளில்லை. விதை தீர்ந்ததும் அடுத்த விதைக்கு வழியில்லை. கொடுக்கப்பட்டவை கலப்பின விதைகளாக இருந்தால் அவற்றிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் விளைவதுமில்லை. பைகள் வெயிலில் கிழிந்து மாடி மூலையில் கிடக்கின்றன. பக்குவப்படுத்துவதற்கோ திட்டம் எதிலும் ஒரு வரி இடமில்லை. ஜிஎஸ்டி சாலையிலேயே, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சிறிது தொலைவில் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.  மாதம் ஒருமுறை அங்கிருந்து ஒருவர் சிங்கப்பெருமாள் கோவில் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து, மக்கள் கொண்டுவரும் நோயுற்ற இலையைப் பார்த்து மருந்து சொல்லட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் நாட்டு விதை வங்கி ஒன்றை ஒப்படைத்து, வாங்கும் விதைக்குப் பதில் விளைச்சலில் இரு மடங்கு விதை திருப்பித் தரும் வழக்கத்தைத் தொடங்கலாம். தக்காளி விலை விழும் வாரங்களில் கூட்டுறவுத் துறை விவசாயிகளிடமிருந்து வாங்கி, கூடைக் கணக்கில் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரட்டும். அந்தக் கூடையோடு, எப்படிக் காயவைப்பது, எத்தனை உப்பு, எத்தனை நாள் வெயில் என்று தெளிவாக அச்சிட்ட ஒரு தாளும் வரட்டும். தமிழிலும், இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும். மனைப்பிரிவுத் திறந்தவெளிகளின் பட்டியலை உள்ளாட்சி வெளியிட்டு, ஆடிப்பட்டத்துக்கு முன்பாகப் பாத்திகளுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்க வேண்டும். சொந்த வீடு இல்லாதவர்களின் விண்ணப்பங்களை முதலில் எடுக்க வேண்டும்.